நம் ஆட்கள் முன்னால் மட்டும் ஏன் ஆங்கிலம் வரமாட்டேன் என்கிறது?

திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, இப்போது சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கும் 26 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டு அதன் சுருக்கத்தைத் தருகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். குடும்பத்தின் முதல் பட்டதாரி. பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், எழுந்து நின்று ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே வகுப்பு முழுவதும் சிரித்தது. விடுதியில் தமிழ் பேசினால் பத்து ரூபாய் அபராதம். நான்கு ஆண்டுகளைக் கூடுமானவரை வாய் திறக்காமலே கழித்தார். இப்போது தினமும் மாலை அமெரிக்க கிளையன்ட்டோடு கான்ஃபரன்ஸ் கால். இவருடைய வேலையைப் பற்றிக் கேள்வி வந்தால், பதிலை சாட்டில் தட்டி பக்கத்து சீட் அண்ணனுக்கு அனுப்புகிறார். அவர் அதைப் பேசிவிடுகிறார். பாராட்டும் அவருக்கே போகிறது. அப்ரைசலில் "கம்யூனிகேஷன் போதாது" என்று எழுதிவிட்டார்கள். மூன்று மாதத்துக்குள் காலில் பேசத் தொடங்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் டீம் லீட். குழுவில் இரண்டு பேர் இவருடைய உச்சரிப்பைப் பேசிக்காட்டிச் சிரிக்கிறார்கள். ஊரிலோ கதை தலைகீழ். விடுமுறைக்குப் போனபோது அலுவலகத்திலிருந்து வந்த போனில் நான்கு வரி ஆங்கிலம் பேசியதற்கே, "மெட்ராஸ் போனதும் பீட்டர் விடுறா பாரு" என்றார் அத்தை மகள்.

இவருடைய கேள்விகள் இவை: 18,000 ரூபாய் கட்டி அமெரிக்க அக்சென்ட் வகுப்பில் சேரலாமா? சக ஊழியர் ஒருவர் காலுக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் "படபடப்பு மாத்திரையை" தானும் வாங்கலாமா? அவர்களாக அனுப்புவதற்குள் ராஜினாமா செய்துவிட்டு, தமிழ்வழியில் படித்தவர்களுக்கான ஒதுக்கீட்டில் டி.என்.பி.எஸ்.சி. எழுதலாமா? இது ஒரு நோயா?

அன்புள்ள வாசகி,

உங்கள் கேள்விகளுக்கு முன்னால், கடிதத்தின் நடுவில் நீங்கள் எழுதிவிட்டு வேகமாகக் கடந்துபோன ஒரு வரியிடம் வருகிறேன். "சில நாள் காலையில எழுந்திருக்கவே வேண்டாம்னு தோணுது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் அலுப்பில் எழுதிய வார்த்தையாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக்குப் போகவே வேண்டாம் என்ற சோர்வா, உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது என்றால், ஒரே ஒரு முறை தோன்றியிருந்தாலும், இன்றே 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். அரசு நடத்தும் இலவச மனநல உதவி சேவை. எந்த நேரமும் தமிழில் பேசலாம். அறையில் உங்களோடு தங்கியிருக்கும் அக்காவிடமும் சொல்லிவையுங்கள். நேரில் பார்க்க வேண்டுமென்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலோ வெளிநோயாளியாகப் பார்க்கலாம். இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்கும். மூன்று மாதக் கெடுவைவிட இது அவசரமானது.

இனி உங்கள் நாக்கு கட்டிப்போகும் விஷயத்துக்கு வருவோம். "எனக்கு இங்கிலீஷ் வராது" என்று ஐந்து இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே கடிதத்தில் அதற்கு எதிரான சாட்சியையும் நீங்களே வைத்திருக்கிறீர்கள். போன மாதம் கிளையன்ட் பக்கத்தில் வேலை செய்யும் போலந்துப் பெண்ணோடு தனியாக நாற்பது நிமிடம் பேசி ஒரு பிழையைக் கண்டுபிடித்தீர்கள். "அவங்க இங்கிலீஷும் என்ன மாதிரிதான் இருந்துச்சு, பயமே வரல" என்கிறீர்கள். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும் டெஸ்ட் ரிப்போர்ட்டை யாரும் குறை சொன்னதில்லை. ஊர்த் திருவிழாவில் மைக் பிடித்துத் தொகுத்து வழங்குகிறவர் நீங்கள். ஆக, மேடையும் உங்களுக்குப் பயமில்லை, வெளிநாட்டுக்காரரும் பயமில்லை. நம் ஊர் ஆட்கள் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஆங்கிலம் பேசவேண்டிய நிலை மட்டுமே உங்களை முடக்குகிறது.

இது உங்கள் ஒருவருக்கு மட்டும் நேர்வதல்ல. மற்ற நேரங்களில் தயக்கமில்லாதவர்கள்கூட வேற்றுமொழி வகுப்பில் மட்டும் உறைந்துபோவதைக் கண்டு, 1986இல் அமெரிக்காவில் எலைன் ஹார்விட்ஸும் உடன் ஆய்வு செய்த இருவரும் அதற்கென்றே 33 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தார்கள். பேசுவதற்கான தயக்கம், தேர்வு பயம், பிறர் தாழ்வாக மதிப்பிடுவார்களோ என்ற பயம் என்று மூன்றை அதன் கூறுகளாகச் சொன்னார்கள். உங்கள் கடிதத்தில் மூன்றாவதுதான் ஓங்கி நிற்கிறது.

அந்த மதிப்பீடு நம் ஊரில் எதை எடைபோடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலமே தாய்மொழி என்று சொன்னவர்கள் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர்தான். உங்களைப் பேசிக்காட்டும் அந்த இருவருக்கும் அது கற்றுக்கொண்ட மொழிதான். அவர்கள் எல்.கே.ஜி.யில் தொடங்கினார்கள், நீங்கள் பதினெட்டு வயதில் தொடங்கினீர்கள். இடையில் இருப்பது பள்ளிக் கட்டணம். நம்மிடையே ஒருவர் ஆங்கிலத்தில் வாய் திறந்தால், சொல்லும் விஷயத்துக்கு முன்னால் எந்தப் பள்ளி, எந்த ஊர், அப்பா என்ன வேலை என்பதெல்லாம் கேட்பவர் காதில் விழுந்துவிடுகிறது. போலந்துப் பெண்ணுக்கு அதெல்லாம் கேட்காது. அவருக்கு வேண்டியது அந்தப் பிழை எங்கே இருக்கிறது என்பது மட்டுமே. அதனால்தான் அவரிடம் உங்களுக்குச் சரளமாக வந்தது. முதல் வாரம் உங்களைப் பார்த்துச் சிரித்த வகுப்பில் ஆசிரியரும் இருந்தார். அவர் அதைத் தடுத்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அன்று நேர்ந்தது அநியாயம். அதை நீங்கள் உங்கள் குறையாகச் சுமந்துகொண்டு வந்திருக்கிறீர்கள்.

பயம் வந்தபின் மூளைக்குள் நடப்பது இன்னொரு கதை. தமிழில் வினை கடைசியில் வரும். சொல்லிக்கொண்டே போய் முடிவில் முடிச்சைப் போடலாம். ஆங்கிலத்தில் எழுவாயைத் தொட்ட கையோடு வினையை முடிவு செய்தாக வேண்டும். பழகாதவர்களுக்கு அதற்கே கவனம் நிறைய வேண்டும். அந்த நேரத்தில் "என்ன நினைக்கிறாங்களோ, குரல் நடுங்குதோ" என்று பாதிக் கவனம் உங்கள் மேலேயே திரும்பிவிட்டால், மிச்சம் இருப்பதில் ஒரு வாக்கியம்கூடத் தேறாது. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995இல் சமூகப் பதற்றத்தைப் பற்றி எழுதியபோது, இப்படித் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதும், பதற்றத்துக்குத் தப்பிக்க நாம் கண்டுபிடிக்கும் குறுக்கு வழிகளும்தான் அதை வளர்க்கின்றன என்றார்கள். உங்கள் குறுக்கு வழி அந்த சாட். அன்றைக்கு அது காப்பாற்றுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் "நானே பேசியிருந்தால் மானம் போயிருக்கும்" என்று மனதுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாமல் போகிறது.

இது நோயா என்றால், எல்லா மொழியிலும் எல்லாக் கூட்டத்திலும் மாதக்கணக்கில் இப்படி இருந்தால் சமூகப் பதற்றக் கோளாறா என்று பார்ப்போம். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கடிதத்தை வைத்து முடிவாகச் சொல்லவும் கூடாது. ஞாயிறு இரவு தூக்கம் வராமல் வாந்தி வருகிறது என்று எழுதியிருப்பதால் ஒரு மருத்துவ உளவியலாளரை ஒருமுறை நேரில் பார்ப்பது நல்லது. நான் கீழே சொல்லும் முறைகளையே அவர் உங்கள் கூட இருந்து செய்யவைப்பார்.

லீட் சொல்வதில் நியாயம் இருக்கிறதா?

பாதி இருக்கிறது. கிளையன்ட்டோடு பேசுவது அந்த வேலையின் பகுதி என்றால் அதைக் கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. நான்கு ஆண்டுகள் பேசாமல் இருந்ததில் உங்கள் பேச்சு ஆங்கிலமும் கொஞ்சம் துருப்பிடித்திருக்கும், அதை மறைக்க வேண்டாம். அமெரிக்கர்கள் வேகமாகப் பேசும்போது புரியவில்லை என்கிறீர்களே, அது உண்மையான பயிற்சிக் குறை. பதிவான பழைய கால்களைத் தினமும் பத்து நிமிடம் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது குறையும். ஆனால் "கம்யூனிகேஷன் போதாது" என்பது கெடு விதிக்கும் அளவுக்குத் தெளிவான வார்த்தை இல்லை. எதைச் செய்தால் போதும்? வாரத்துக்கு எத்தனை காலில், எவ்வளவு நேரம்? அதை எழுத்தில் கேளுங்கள். மரியாதையாக ஒரு மெயில்: நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், மூன்று மாத இலக்கை இன்னின்னது என்று வரையறுத்துக் கொடுங்கள், முதல் மாதம் என் பகுதியைக் காலின் தொடக்கத்திலேயே வைத்துக்கொடுங்கள். இரண்டாவது கோரிக்கைக்குக் காரணம் உண்டு. முறை வரும்வரை அரைமணி நேரம் காத்திருக்கும்போதுதான் பதற்றம் உச்சிக்கு ஏறும்.

காலுக்குள் ஒரேயடியாகக் குதிக்கச் சொல்லமாட்டேன். முதல் வாரம், சீட்டில் உட்காராமல் ஒரு சிறிய மீட்டிங் அறையில் தனியாக இருந்து காலில் சேருங்கள். அந்த இரண்டு பேரின் முகம் எதிரில் இருக்காது. உங்கள் பகுதியின் நிலவரத்தை இரண்டு நிமிடம், எழுதி வைத்துக்கொண்டு வாசித்தாலும் சரி, உங்கள் குரலில் சொல்லுங்கள். அது பழகியதும் எழுதாமல் குறிப்பு மட்டும். அதற்கடுத்து, கேள்வி வந்தால் ஒரு கேள்விக்காவது நீங்களே பதில். கடைசியாக சீட்டுக்குத் திரும்புங்கள், அவர்கள் முன்னாலேயே. பக்கத்து சீட் அண்ணனிடம் இன்றே சொல்லிவிடுங்கள்: "இனிமே நான் டைப் பண்ண மாட்டேன் அண்ணா. நான் ரொம்பத் திணறினா மட்டும் துணைக்கு வாங்க." அவர் கெட்டவராகத் தெரியவில்லை. பழக்கம் இருவருக்கும் வசதியாகிவிட்டது, அவ்வளவுதான்.

புரியாதபோது "குட் யூ சே தட் அகெய்ன், ப்ளீஸ்?" என்று கேட்பதை அவமானமாக நினைக்கிறீர்கள். பதிவான கால்களைக் கேட்கும்போது அமெரிக்கர்கள் தங்களுக்குள்ளேயே எத்தனை முறை அப்படிக் கேட்டுக்கொள்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். யோசிக்க மூன்று விநாடி வேண்டுமென்றால் "லெட் மீ செக்" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். இரவில் படுத்துக்கொண்டு அன்றைய காலில் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் பிரேதப் பரிசோதனை செய்கிறீர்கள் பாருங்கள், அதை நிறுத்த வேண்டும். அதற்குப் பதில் நோட்டில் ஒரே ஒரு வரி: நான் சொன்னது அவர்களுக்குப் புரிந்து வேலை நடந்ததா, இல்லையா. இலக்கணத்தைப் பற்றி அந்த நோட்டில் எதுவும் வேண்டாம்.

பேசிக்காட்டும் இருவரில் கொஞ்சம் இளகிய மனம் உள்ளவர் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் தனியாக, தமிழில் பேசுங்கள். "நீங்க பேசிக்காட்டுறதால எனக்குக் கால்ல வாயே திறக்க வரல. தயவுசெஞ்சு நிறுத்துங்க." பலருக்கு அது ஒருவரை எவ்வளவு தூரம் காயப்படுத்துகிறது என்பது நேரில் சொன்னால்தான் உறைக்கிறது. அதன்பிறகும் தொடர்ந்தால் தேதி குறித்து லீடுக்கு மெயில் போடுங்கள். கெடு விதிப்பவருக்கு, பேசவிடாமல் தடுப்பதை நிறுத்தும் பொறுப்பும் உண்டு.

அக்சென்ட் வகுப்பு

வேண்டாம். அக்சென்ட் வேறு, பிறருக்குப் புரிவது வேறு என்று கனடாவின் ட்ரேசி டெர்விங்கும் மர்ரே மன்ரோவும் 1995 முதல் தொடர்ந்து ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். கடுமையான அக்சென்ட்டோடு பேசுகிறவரின் பேச்சும் வார்த்தைக்கு வார்த்தை புரியக்கூடும். இன்னொரு பக்கம், 1992இல் டொனால்ட் ரூபின் அமெரிக்க மாணவர்களுக்கு ஓர் அமெரிக்கக் குரலில் பதிவான உரையைப் போட்டுக்காட்டினார். ஆசியப் பெண்ணின் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்கள், அதே குரலில் அயல் அக்சென்ட் கேட்பதாகச் சொன்னார்கள். கேட்பவர் மனதில் இருப்பதை உங்கள் நாக்கை வளைத்து மாற்ற முடியாது. கேட்பவருக்கு எளிதாவதற்கு நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று ஓடுகிறீர்கள், வேகத்தைக் குறையுங்கள். உங்கள் வேலையில் தினமும் வரும் நாற்பது ஐம்பது சொற்களில் எந்த அசையை அழுத்த வேண்டும் என்று அகராதியின் ஒலிப்பதிவைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். அதற்கு 18,000 ரூபாய் வேண்டியதில்லை. அந்த வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்றும் எழுதியிருந்தீர்கள். விடுதியில் பட்டது போதும். வீட்டில், அறையில், தோழிகளோடு தமிழில் பேசுவதால் உங்கள் ஆங்கிலம் கெடாது. உங்களைப் போலவே தமிழ்வழியில் படித்து வந்த ஒரு தோழியோடு வாரம் மூன்று நாள் அரைமணி நேரம் வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் பேசிப் பழகினால் வகுப்பைவிடப் பலன் அதிகம்.

அந்த மாத்திரை

இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சக ஊழியர் போடுவதாக நீங்கள் எழுதியிருப்பது ப்ரொப்ரனலால். இதயத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும் மருந்து. அதே மருந்து மூச்சுக்குழாய்களைச் சுருங்கச் செய்யும். வீசிங், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். நீங்கள் இன்ஹேலர் வைத்திருக்கிறீர்கள். பாதி மாத்திரைகூட வேண்டாம். மருந்து தேவையா என்பதை உங்கள் வீசிங்கைப் பற்றித் தெரிந்த ஒரு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊரில் கேட்கும் "பீட்டர்"

அலுவலகத்தில் ஆங்கிலம் குறைவு என்று சிரிக்கிறார்கள், ஊரில் ஆங்கிலம் கூடுதல் என்று சிரிக்கிறார்கள். எங்கே போனாலும் நான் தப்பு என்ற உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. அந்த அத்தை மகளே தன் பிள்ளையைக் காலையில் மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு எட்டியது தனக்கு எட்டவில்லை என்ற ஏக்கமும், நீங்கள் இனி தங்களைச் சேர்ந்தவர் இல்லையோ என்ற பயமும் அந்தக் கேலியில் கலந்திருக்கிறது. அதற்காக அலுவலக போன் வந்தால் கொல்லைப்புறத்துக்கு ஓடாதீர்கள். கூடத்திலேயே பேசிவிட்டு, வைத்ததும் "ஆபீஸ் வேலை அக்கா, நேத்து ஒரு தப்பு கண்டுபிடிச்சேன்" என்று என்ன நடந்தது என்பதைத் தமிழில் சொல்லுங்கள். பிள்ளையின் ஆங்கிலப் பாடத்தை ஒருநாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். அவர் உடனே மாறுவாரா தெரியாது. நீங்கள் ஒளிய வேண்டியதில்லை.

ராஜினாமாவும் டி.என்.பி.எஸ்.சி.யும்

நீங்களாக ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டால், பிறகு "என்னை நீக்கினார்கள்" என்று எங்கேயும் வாதாடுவது கடினம். ஆகவே யாராவது ஒரு அறைக்குக் கூப்பிட்டு இன்றே கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள். "யோசித்துச் சொல்கிறேன், மெயிலில் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆவது பிரிவு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமலும் நீக்கக்கூடாது என்கிறது. உங்கள் பதவிக்கு அது எப்படிப் பொருந்தும், வேறு எந்தத் தொழிலாளர் சட்டம் துணைக்கு வரும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். சட்டப் பணிகள் ஆணையத்தில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. தனியார் நிறுவனம் ஒரு வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று கேட்பதே சட்டவிரோதம் என்று நீங்கள் நினைப்பது மட்டும் சரியல்ல. அந்த வாதத்தை நம்பி இறங்க வேண்டாம்.

வேலையை மாற்றுவதில் தவறில்லை. பயந்து ஓடுவதற்கும் யோசித்து நகர்வதற்கும் வித்தியாசம் உண்டு. கையில் இன்னொரு ஆஃபர் வந்தபின், நான்கு காலிலாவது நீங்களே பேசிப் பார்த்தபின் முடிவெடுங்கள். இல்லையென்றால் அடுத்த அலுவலகத்திலும் முதல் நாளிலிருந்தே சாட்டைத் தேடுவீர்கள்.

டி.என்.பி.எஸ்.சி. பற்றி உங்கள் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது உண்மை. 2020இல் அதைத் திருத்தியபோது, ஒரு பதவிக்குப் பட்டம் கல்வித் தகுதி என்றால் பள்ளியிலிருந்து பட்டம்வரை எல்லாமே தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். உங்கள் பொறியியல் படிப்பு ஆங்கில வழி. ஆகவே குரூப் 1, குரூப் 2 பட்டப் பதவிகளில் இந்த ஒதுக்கீடு உங்களுக்குக் கிடைக்காது, பொதுப் போட்டியில்தான் எழுத வேண்டும். பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட குரூப் 4 பதவிகளில் கிடைக்கும், ஏனென்றால் ஒன்று முதல் பத்துவரை தமிழ்வழியில்தான் படித்திருக்கிறீர்கள். இப்போது கட்டாயமாக இருக்கும் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்க வேண்டும், அது உங்களுக்குச் சிரமமாக இருக்காது. எழுதுவதென்றால் வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, படித்த பள்ளித் தலைமை ஆசிரியரிடம் தமிழ்வழிக் கல்விச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு வாருங்கள். அறிவிக்கை வந்தபிறகு அலைந்தால் கடைசித் தேதிக்குள் கையில் கிடைக்காமல் போகலாம்.